மருத்துவபீடமும் மற்றைய வாழ்வும்: நம் பிள்ளைகளின் 168 மணித்தியாலங்கள்

ஓகஸ்ட் மாதத்தின் நடுப்பகுதியில் வரும் ஒரு வியாழக்கிழமை, இங்கிலாந்தில் வாழும் நம்மவர் வீடுகள் பலவற்றுக்கு ஒரு திருநாளைப் போன்றது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாள் அது. பிள்ளைக்கு மருத்துவபீடம் கிடைத்துவிட்டது என்றால், காலை 9 மணிக்குள் யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். மாலையில் கோயிலில் அர்ச்சனை நடக்கும். வார இறுதியில் வீடு நிறைய விருந்தினர் கூடுவர். "இனி எங்களுக்கு என்ன குறை, வீட்டுக்குள்ளேயே டொக்டர்" என்று மாமிமார் மகிழ்ந்து பேசுவர்.

அந்த மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எல்லாவற்றையும் இழந்து வந்த ஒரு தலைமுறை, தன் பிள்ளையின் கையில் எவராலும் பறிக்க முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதி கொள்வது நியாயமானதே. ஆனால் அந்த வியாழக்கிழமைக்குப் பின்னர் வரும் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளைப் பற்றி நம் வீடுகளில் எவரும் பேசுவதில்லை. பிள்ளை "படிக்கிறது" என்ற ஒரே சொல்லுக்குள் அந்த ஆண்டுகள் முழுவதும் அடங்கிவிடுகின்றன. அந்தச் சொல்லுக்குள் என்னென்ன நடக்கின்றன என்பதையே இக்கட்டுரையில் பார்க்க விரும்புகிறோம்.

ஒரு வீட்டில் நடந்தது

வடமேற்கு இலண்டனில் நாம் நன்கறிந்த ஒரு குடும்பம் உண்டு. அவர்கள் விருப்பப்படி பெயரைத் தவிர்க்கிறோம். தந்தையார் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்பவர். தாயார் ஒரு பாடசாலைச் சமையற்கூடத்தில் பணி புரிபவர். மூத்த மகள் மருத்துவ மாணவி. செலவைக் கருதி வீட்டிலிருந்தே நாள்தோறும் பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்தாள்.

மகள் மருத்துவபீடம் புகுந்த நாளிலிருந்து அந்த வீட்டில் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. ஒன்பது ஆண்டுகள் பயின்ற பரதநாட்டியம் நின்றது. வெள்ளிக்கிழமைக் கோயில் நின்றது. பிறந்தநாள் விழா, கலியாண வீடு எதற்கும் அவள் வருவதில்லை. "படிக்கிற பிள்ளையைக் கூப்பிடாதேங்கோ" என்று தாயாரே உறவினருக்கு முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். தம்பிக்குத் தொலைக்காட்சி தடைசெய்யப்பட்டது. சாப்பாடு தட்டில் வைத்து மாடிக்குப் போகும். பாதி உண்ட தட்டு திரும்பி வரும். பிள்ளைக்கு இடைஞ்சல் இல்லாத வாழ்வு ஒன்றை அமைத்துக் கொடுத்துவிட்டோம் என்று பெற்றோர் உண்மையாகவே நம்பினர்.

இரண்டாம் ஆண்டுப் பரீட்சையில் அவள் சித்தியடையவில்லை. கோடையில் நடந்த மீள்பரீட்சையிலும் சித்தியடையவில்லை. அந்த ஆண்டை மீண்டும் படிக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. இவை எதுவுமே வீட்டுக்குத் தெரியாது. ஓகஸ்டிலிருந்து நவம்பர் வரை, ஏறத்தாழ மூன்று மாதங்கள், மூன்றாம் ஆண்டு மாணவி என்ற பெயரில் அவள் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போய் வந்தாள்.

கந்தசஷ்டி விரத நாட்களில் ஒரு நாள் அதிகாலை. இரவு வேலை முடிந்து தந்தையார் வீடு திரும்பியபோது சமையலறை மேசையில் மகள் இருந்தாள். முன்னால் ஆறிப்போன தேநீர். அவள் உறங்கியிருக்கவில்லை என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. "சூரன்போருக்காவது கோயிலுக்கு வாவன் பிள்ளை" என்று மட்டுமே அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு மறுமொழியாக எல்லாம் வெளிவந்தது.

தந்தையார் நீண்ட நேரம் பேசவில்லை. பின்னர் அவர் கூறியதை மகள் இன்றும் நினைவு வைத்திருக்கிறாள்: "நீ பெயில் விட்டதுக்கு இல்லையம்மா. மூண்டு மாசம் நீ தனியச் சுமந்திருக்கிறாய். அதுதான் எனக்கு மனம் நோகுது."

இது எத்தகைய படிப்பு

பெற்றோர் பலருக்கு இப்படிப்பின் அமைப்பே தெரியாது என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் மருத்துவப் பட்டப்படிப்பு பொதுவாக ஐந்து ஆண்டுகள். இடையில் ஓராண்டு வேறொரு விஞ்ஞானப் பட்டத்துக்காகக் கற்போருக்கு ஆறு ஆண்டுகள். மரபு வழியான மருத்துவபீடங்களில் முதல் இரண்டு ஆண்டுகள் விரிவுரையும் ஆய்வுகூடமும். அதன் பின்னர் வைத்தியசாலைகளிலும் குடும்ப வைத்தியர் நிலையங்களிலும் பயிற்சி. பட்டம் பெற்றதும் படிப்பு முடிந்துவிடுவதில்லை. இரண்டாண்டு அடிப்படைப் பயிற்சி உண்டு. அதன் முதலாம் ஆண்டு முடிவிலேதான் முழுமையான பதிவு கிடைக்கிறது. குடும்ப வைத்தியராக விரும்பினால் பின்னும் மூன்று ஆண்டுகள். சத்திரசிகிச்சை போன்ற துறைகளுக்கு இதைவிடப் பல ஆண்டுகள்.

ஆகவே 18 வயதில் புகும் பிள்ளை, நிலையான ஓர் இடத்தை அடையும்போது முப்பதைத் தொட்டிருக்கும். "இந்த ஐந்து வருசத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டால் பிறகு வாழலாம்" என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆறுதல் உண்மைக்குப் புறம்பானது. தள்ளிவைத்த வாழ்வு அப்படியே காத்திருப்பதில்லை.

அகதி அந்தஸ்துக் கோரிக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. இங்கிலாந்தில் அகதி அந்தஸ்து வழங்கப்பட்டவர்களின் பிள்ளைகள் உள்நாட்டுக் கட்டணத்துக்கும் அரச கல்விக் கடனுக்கும் உரித்துடையவர்கள். முடிவு கிடைக்காதவர்களின் பிள்ளைகளோ பொதுவாக வெளிநாட்டு மாணவராகவே கணிக்கப்படுகின்றனர். கல்விக் கடனும் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் இவர்களுக்கெனப் புலமைப்பரிசில்கள் வைத்திருக்கின்றன. விண்ணப்பிப்பதற்கு ஓராண்டு முன்னரே பல்கலைக்கழகத்திடம் எழுத்து மூலம் கேட்டு அறிவது நன்று. "பெறுபேறு வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருந்துவிட்டால் அந்த வாய்ப்புக் கைநழுவிப் போகலாம்.

கோயிலும் உடற்கூற்றுக் கூடமும்

நம் பிள்ளைகள் பலருக்கு மருத்துவபீடத்தில் முதலில் உரசுவது நம்பிக்கை பற்றிய கேள்விகளே. பல மருத்துவபீடங்களில் முதலாம் ஆண்டிலேயே இறந்த உடலை அறுத்துக் கற்க வேண்டும். அன்று மாலை வீடு திரும்பும் பிள்ளையைத் தாயார் வாசலிலேயே மறித்து, "முழுகிப்போட்டு உள்ளுக்கு வா" என்பார். சுவாமி அறைக்குப் போகலாமா என்ற கேள்வியும் எழும்.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன குப்தா என்ற வைத்தியர் மனித உடலை அறுத்து ஆராய முன்வந்தபோது, சாதியும் தீட்டும் அவருக்கு எதிரே நின்றன. அவரோ ஆயுர்வேதம் கற்ற பண்டிதர். அவருக்குப் பின்னர் வந்த தலைமுறைகள் கற்ற வைத்தியத்தின் பயனை இன்று நாம் அனைவரும் அனுபவிக்கிறோம்.

நாம் மேலே குறிப்பிட்ட மாணவி இதற்குத் தன் வழியிலே ஒரு விடை கண்டாள். அந்த உடல் ஒருவர் தாம் உயிரோடிருக்கையில் மனமுவந்து எழுதிக் கொடுத்த தானம். இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டின் மனித இழையச் சட்டப்படி அத்தகைய எழுத்து மூலமான சம்மதம் இன்றி உடலை இவ்வாறு பயன்படுத்த முடியாது. உடல் தந்தோருக்காக மருத்துவபீடங்கள் பல ஆண்டுதோறும் நன்றி வழிபாடு நடத்துகின்றன. அதில் அவர்களின் குடும்பத்தவரும் மாணவரும் சேர்ந்து அமர்கின்றனர். அவ்வழிபாட்டில் கலந்துகொண்டு திரும்பிய நாளில் அவள் தாயாரிடம், "இது தீட்டு இல்லையம்மா, தானம்" என்றாளாம். தாயார் முழுகச் சொல்வதை நிறுத்தவில்லை. ஆனால் அன்றிரவு சுவாமி அறையில் பெயர் தெரியாத அந்த மனிதருக்காகவும் ஒரு விளக்கு எரிந்தது.

சிறிய உரசல்களும் உண்டு. தொற்றைத் தடுக்கும் பொருட்டு 2007 முதல் இங்கிலாந்து வைத்தியசாலைகளில் முழங்கைக்குக் கீழே ஒன்றும் அணியலாகாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நீண்ட கைகள் கொண்ட வெள்ளை மேலங்கி மறைந்தது இதனாலேயே. கைக்கடிகாரம், காப்பு ஆகியவற்றோடு கோயிலில் கட்டிய நூலும் கழற்றப்பட வேண்டியதாகிறது. அதைக் கழற்றும் பிள்ளை சமயத்தை விட்டுவிட்டதாக நாம் எண்ண வேண்டியதில்லை. நோயாளியின் உடம்பில் கிருமி சேராமல் காப்பதும் ஓர் அறமே. விரத நாட்களிலும் இவ்வாறே. வைத்தியசாலையில் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்க வேண்டிய நாளில் நீராகாரமும் இன்றி இருப்பதைவிட, ஒருநேர உணவோடு விரதம் காப்பது தவறாகாது. சஷ்டி விரதத்தை இயன்ற அளவில் பிடிப்போர் நம்மூரிலும் இருந்தனர்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும் கிறிஸ்தவ மாணவருக்கும், வெள்ளிக்கிழமைத் தொழுகையும் நோன்பும் உடைய முஸ்லிம் மாணவருக்கும் இதே நெருக்கடி உண்டு. இவர்கள் அனைவருக்கும் நாம் சொல்லக்கூடியது ஒன்றுதான். பண்டிகை நாட்களைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பட்டியலிட்டு, பயிற்சிக்குப் பொறுப்பானவரிடம் முற்கூட்டியே கேட்க வேண்டும். முதல்நாள் கேட்டால் மறுப்பு வரும். இரண்டு மாதத்துக்கு முன்னர் கேட்டால் பெரும்பாலும் மாற்று ஒழுங்கு கிடைக்கும்.

வீட்டின் பாரம்

குடும்பத்தை நடத்திக்கொண்டே மருத்துவம் கற்றவர்களுள் உலகறிந்த ஒருவர் ரஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ். அவருடைய தந்தையார் கடையை இழந்து, கடன்காரருக்கு அஞ்சி 1876இல் தகன்ரொக் நகரை விட்டு மொஸ்கோவுக்கு ஓடியவர். மூன்றாண்டுகள் கழித்து, 1879இல், செக்கோவ் அங்கே மருத்துவபீடத்தில் சேர்ந்தார். பகலில் படிப்பு, இரவில் சஞ்சிகைகளுக்கு நகைச்சுவைக் கதைகள். அக்கதைகளுக்குக் கிடைத்த காசிலே பெற்றோரும் உடன்பிறந்தோரும் உண்டனர். 1884இல் பட்டம் பெற்றார். ஊரை விட்டு ஓடிவந்த குடும்பத்தின் பிள்ளை என்ற வகையில் அவர் நமக்கு அந்நியரல்லர்.

ஆனால் அந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பட்டம் பெற்ற அதே 1884ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் இருமியபோது இரத்தம் வந்தது. தாமே வைத்தியராயிருந்தும் அதைப் பெரிதுபடுத்தாமல் பல ஆண்டுகள் கடத்தினார். 1897இல் பெரும் இரத்தப்போக்கு ஏற்பட்ட பின்னரே காசநோய் என உறுதியாயிற்று. 1904இல், 44 வயதில், காலமானார். வீட்டைத் தாங்குகிறவர் தமக்கு நோவென்று சொல்லாமலிருப்பது நம் வீடுகளிலும் உள்ள வழக்கமே. தந்தையார் சொல்வதில்லை. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையும் சொல்வதில்லை.

நம் பிள்ளைகள் கதை எழுதிக் குடும்பத்தைக் காப்பதில்லை. ஆனால் வேறொரு வேலையை ஊதியமின்றிச் செய்கின்றனர்: மொழிபெயர்ப்பு. உள்துறை அமைச்சின் கடிதம் முதல் மின்சாரக் கட்டணம் வரை எட்டு வயதிலேயே வாசித்துச் சொல்லப் பழகியவர்கள் இவர்கள். மருத்துவபீடம் புகுந்ததும் அம்மம்மாவின் இரத்தப் பரிசோதனை, மாமாவின் நெஞ்சுப் படம், ஊரிலிருக்கும் சித்தியின் குளிசைப் பெயர்கள் எல்லாம் அவர்களிடம் வருகின்றன. முதலாம் ஆண்டு மாணவிக்கு அதில் பெரும்பகுதி தெரியாது. தெரியாது என்று சொன்னால், "பிறகு என்ன படிக்கிறாய்?" என்று கேட்கிறோம்.

இதில் இரண்டு செய்திகளை நாம் மனத்திலிருத்த வேண்டும். முதலாவது, தமக்கு நெருங்கியவர்களுக்குத் தாமே சிகிச்சை அளிப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் பதிவு பெற்ற வைத்தியர்களுக்கே உள்ள நெறி. மாணவருக்கு மருந்து எழுதும் உரிமையும் இல்லை. இரண்டாவது, தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை. நேரம் குறிக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொன்னால் போதும். தாயாருக்குப் புற்றுநோய் என்ற செய்தியைத் தன் வாயாலேயே தாயாருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல நேர்ந்த ஒரு மகனை நாம் அறிவோம். அவனும் மருத்துவ மாணவனே. அந்த ஒரு நிமிடத்தைக் கடக்கத் தனக்கு ஓராண்டு பிடித்தது என்றான். அன்று அவன் மகனாக அருகில் இருந்து கையைப் பிடித்திருக்க வேண்டியவன்.

நமக்கு இதில் ஒரு பெருமையான முன்னோடியும் உண்டு என்பதை இங்கே நினைவூட்டலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நம்மவருக்கு மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். 1860களில் அதைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மாணவரோடு சேர்ந்து கலைச்சொற்களை ஆக்கினார். நோயைத் தமிழில் விளக்குவது பிள்ளையின் தலையில் ஏற்றிவிடத்தக்க சில்லறை வேலையன்று. பயிற்சி வேண்டும் ஒரு தொழில் என்பதை மானிப்பாய் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தது.

நட்பு, காதல், கலியாணம்

இதைப் பேசுவதற்கு நம் சமூகம் இன்னும் கூசுகிறது. மகன் மருத்துவபீடத்தில் இருக்கும்போதே தரகர் பேச்சு தொடங்கிவிடுகிறது. சீதனக் கணக்கும் சிலர் வாயில் வருகிறது. மகளாயின் வேறுவிதம்: படிப்பு முடியும்வரை எவரோடும் பழகக் கூடாது, முடிந்த மறுமாதமே கலியாணம். இவ்விரண்டுக்கும் இடையில் 18 முதல் 24 வயது வரையான ஓர் இளைய உள்ளம் இருப்பதை மறந்துவிடுகிறோம்.

மருத்துவ மாணவர் காணும் காட்சிகளை வெளியார் காண்பதில்லை. இருபது வயதில் முதன்முறையாக ஒருவர் இறப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, அன்று மாலை தொடருந்தில் வீடு திரும்புகிறவருக்கு, அதைப் பகிர்ந்துகொள்ள ஓர் உயிர் வேண்டும். அது தோழியாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், காதலிக்கும் ஒருவராகவும் இருக்கலாம். எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டால் பிள்ளை படிக்கும் என்று எண்ணுவது பிழை. அடைத்த அறையில் வளர்வது பெரும்பாலும் பொய்யே.

நடைமுறையில் ஒன்றையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. பட்டம் பெற்றபின் அடிப்படைப் பயிற்சிக்கான இடம் நாடு முழுவதற்குமான ஒரே ஒழுங்கில் ஒதுக்கப்படுகிறது. 2024 முதல் மாணவரின் விருப்பவரிசையும் கணினி தரும் வரிசை எண்ணுமே அதனைத் தீர்மானிக்கின்றன. இலண்டன் பிள்ளைக்கு ஸ்கொட்லாந்தில் இடம் கிடைக்கக்கூடும். ஒரே ஆண்டில் விண்ணப்பிக்கும் இருவர் தங்கள் விண்ணப்பங்களை இணைத்து ஒரே பிரதேசம் கேட்பதற்கு வசதி உண்டு. காதலை வீட்டுக்கு மறைத்து வைத்திருந்து, இத்தகைய முடிவுகளையும் மறைவாகவே எடுக்க வேண்டிய நிலைக்குப் பிள்ளைகள் தள்ளப்படுவது எவருக்கும் நன்மை தராது.

ஆடும் காலும் ஓடும் காலும்

"விளையாட்டெல்லாம் டொக்டரான பிறகு" என்று சொல்வோருக்கு 1954ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதியை நினைவூட்ட விரும்புகிறோம். அன்று காலை இலண்டனில் ஒரு மருத்துவ மாணவர் வழமைபோல் வைத்தியசாலைக்குப் போனார். பின்னர் தொடருந்து ஏறி ஒக்ஸ்போர்ட் சென்றார். மாலையில் அங்கே ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி முடித்தார். நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடிய முதல் மனிதர் ரொஜர் பனிஸ்டர் அவரே. அப்போது அவருக்கு வயது 25.

அவருடைய வெற்றியைவிட அவர் பயிற்சி செய்த விதமே நமக்குப் பாடம். முழுநேர ஓட்டக்காரராக இருக்க அவருக்கு வசதி இல்லை. மதிய இடைவேளையில் ஓடுபாதைக்குப் போய், ஏறத்தாழ அரை மணித்தியாலம் கடுமையாக ஓடிவிட்டு, மீண்டும் வைத்தியசாலைக்குத் திரும்புவார். அந்த ஆண்டின் இறுதியில் போட்டிகளை விட்டு மருத்துவத்துக்கே தம்மைக் கொடுத்து, புகழ்பெற்ற நரம்பியல் வைத்தியரானார். 2018இல் காலமானார். நாளில் அரை மணித்தியாலம் ஓடியதால் அவர் படிப்புக் கெடவில்லை.

நம் மாணவி ஒன்பது ஆண்டுகள் பயின்ற நாட்டியத்தை விட்டதும் இழந்தது என்ன? உடற்பயிற்சி போனது. வாரமொருமுறை பரீட்சையைப் பற்றிப் பேசாத தோழியர் போயினர். தான் நன்றாகச் செய்யக்கூடிய ஒன்று என்ற உறுதியும் போனது. பரீட்சையில் விழுந்தபோது ஊன்றி எழுவதற்கு வேறொரு கால் அவளிடம் இல்லை. உறக்கமும் இவ்வாறே. பகலில் கற்றது மனத்தில் படிவது உறக்கத்தின்போதே என்பது அவளுடைய பாடநூலிலேயே உள்ள செய்தி. ஆயினும் அவள் நாளுக்கு நான்கு மணித்தியாலமே உறங்கினாள்.

உலக மருத்துவ சங்கம் 1948இல் ஜெனீவாவில் வைத்தியருக்கான ஒரு பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. பல நாடுகளில் பட்டம் பெறும் வைத்தியர் அதை வாசித்து உறுதி எடுக்கின்றனர். 2017இல் அது திருத்தப்பட்டபோது புதிதாக ஒன்று சேர்க்கப்பட்டது: உயர்ந்த தரத்தில் சிகிச்சை அளிப்பதற்காகத் தம் சொந்த நலத்தையும் பேண வேண்டும் என்பது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்தாவது வைத்திய உலகம் அதை எழுதிவைத்தது. நம் வீடுகளும் அதை எழுதிவைக்கலாம்.

சமையலறை மேசையில் ஒரு றோட்டா

அந்த நவம்பர் அதிகாலைக்கு மறுவாரம், தந்தையார் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு மகளுக்கு எதிரே அமர்ந்தார். பெற்றோல் நிலையத்தில் எட்டுப் பேருக்கு வேலை நேரம் பிரித்து றோட்டா எழுதுபவர் அவர். மருத்துவம் அவருக்குத் தெரியாது; நேரம் பிரிக்கத் தெரியும்.

வாரத்துக்கு 168 மணித்தியாலம். உறக்கத்துக்கு நாளொன்றுக்கு எட்டு வீதம் 56ஐ முதலில் கழித்தார். அதில் பேரம் இல்லை என்றார். மிச்சம் 112. விரிவுரையும் பயிற்சியும் 40. சொந்தப் படிப்பு 25. பயணம் 10. குளிப்பு, சாப்பாடு, வீட்டுவேலை 17. கூட்டினால் 92. மிச்சம் 20. அந்த இருபதைக் கண்டபோது இருவருமே வியந்துபோயினர். ஒரு மணித்தியாலமும் இல்லை என்றுதான் இருவரும் நினைத்திருந்தனர்.

அந்த இருபதை இவ்வாறு பிரித்தனர்: கோயிலுக்கும் வழிபாட்டுக்கும் 2, குடும்பத்துக்கு 6, நண்பருக்கு 5, நாட்டியத்துக்கு 4. எஞ்சிய 3க்கு மகள் பெயர் வைக்கவில்லை. "அது சும்மா இருக்க" என்றாள். தந்தையார் கொப்பியில் அப்படியே எழுதினார்: சும்மா, 3.

பரீட்சைக் காலத்தில் இந்தக் கணக்குச் சரிவராது. இரவுப் பயிற்சி வாரங்களிலும் சரிவராது. றோட்டா எழுதுகிற எவருக்கும் அது தெரியும். ஒரு வாரம் பிழைத்தால் அடுத்த வாரம் திருத்தி எழுதுவார்கள். அந்தக் கொப்பி இன்றும் குளிர்பெட்டிக்கு மேலே இருக்கிறது. பல பக்கங்கள் அடித்துத் திருத்தப்பட்டவை.

மகள் தன் பல்கலைக்கழக வழிகாட்டி ஆசிரியரிடமும் உளவள ஆலோசகரிடமும் போனாள். போவதற்கு அவள் அஞ்சியதன் காரணம், மனச்சோர்வு என்று சொன்னால் வைத்தியராகப் பதிவு கிடைக்காது என்று யாரோ சொன்னதே. இது நம் மாணவரிடையே பரவலாக உள்ள அச்சம். இங்கிலாந்தின் மருத்துவப் பதிவுப் பேரவை இதைத் தெளிவாக மறுத்திருக்கிறது. உடல்நலமோ மனநலமோ குன்றியவர் உதவி பெற்று ஒழுங்காகக் கவனித்துக்கொண்டால் அது பெரும்பாலும் பதிவுக்குத் தடையாவதில்லை. மறைப்பதாலும் உதவியை மறுப்பதாலுமே சிக்கல் பெரிதாகிறது.

அவள் இரண்டாம் ஆண்டை மீண்டும் படித்துச் சித்தியடைந்தாள். இப்போது நான்காம் ஆண்டில், ஒரு வைத்தியசாலையின் சிறுவர் பிரிவில் பயிற்சி பெறுகிறாள். உடன் புகுந்த தோழியர் ஓராண்டு முன்னே போய்விட்டனர். அது அவளுக்கு இன்றும் சிறிது வலிக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

இதை வாசிக்கும் பெற்றோர் பலர், தாமே வாரத்துக்கு அறுபது மணித்தியாலம் உழைப்பவர்கள். இரண்டு வேலை பார்ப்பவர்கள். "எங்களுக்கு யார் றோட்டா எழுதித் தந்தது?" என்று நீங்கள் கேட்டால் அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. நீங்கள் தள்ளிவைத்த வாழ்வுக்கு ஈடாகவே பிள்ளையின் பட்டத்தைப் பார்க்கிறீர்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் பிள்ளைக்கும் அது தெரியும். அதனாலேயே அது தோல்வியை உங்களிடம் சொல்ல அஞ்சுகிறது.

ஆகவே ஒரு சிறு காரியம் செய்யுங்கள். இன்றிரவு பிள்ளையிடம் "எப்படிப் படிப்பு?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியா, நித்திரை கொண்டியா, இந்தக் கிழமை யாரோடு கதைத்தாய்?" என்று கேளுங்கள். தொலைவில் விடுதியில் இருந்தால் தொலைபேசியில் கேளுங்கள். மறுமொழி உடனே வராவிட்டாலும் மறுநாளும் கேளுங்கள்.

சென்ற ஆண்டுக் கந்தசஷ்டியில், சூரன்போர் நாளன்று, ஹைகேற் முருகன் கோயிலில் நாம் அக்குடும்பத்தைக் கண்டோம். தந்தையார் வேலைக்குப் போகும் உடுப்போடு வந்திருந்தார். இரவு பத்து மணிக்கு அவருக்கு வேலை. மகள் வைத்தியசாலையிலிருந்து நேரே வந்திருந்தாள். பூசை முடிந்து ஐயர் நூல் கட்ட வந்தபோது அவள் கையை நீட்டவில்லை. நாளைக் காலையும் வைத்தியசாலை உண்டு. தாயார் அந்த நூலை வாங்கித் தன் கையிலேயே இரண்டாவது நூலாகக் கட்டிக்கொண்டார். "பிள்ளையின்ரையும் நான் கட்டியிருக்கிறன்" என்றார்.